கமராவுக்கு முன் காது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தனியாகவோ சிறு குழுவாகவோ வீடியோப் படம் எடுக்க விரும்பும் இளைஞருக்குப் பயன்படத்தக்க சில யோசனைகளைக் கூறும்படி நமது செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். நான் இத்துறையில் விற்பன்னன் அல்லன். மிஷன் பாடசாலையிற் படித்து, இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் ஒரு மாணவன். பிழை விட்டுப் பிழை விட்டுப் பழகியவன். ஆகையால், நான் விட்ட பெரும் பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் பகுதியில் வடமோடிக் கூத்துப் பழக்கிய ஒரு முதிய அண்ணாவியாரைப் படம்பிடிக்கச் சென்றேன். கைத்தொலைபேசியை முக்காலியில் நிறுத்தினேன். அவர் வேப்ப மரத்தடியில் அமர்ந்து, ஒரு மணித்தியாலம் பாடிக் காட்டினார். அன்று கச்சான் காற்று பலமாக வீசியது. பக்கத்து வளவில் நீர் இறைக்கும் இயந்திரமும் ஓடிற்று. இரவில் வீட்டில் வந்து போட்டுக் கேட்டால், காற்றும் இயந்திரமுமே கேட்டன. “இன்னொரு நாள் எடுக்கலாம்” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் மாதம் அவர் காலமானார். இன்று அவருடைய படம் என்னிடம் இருக்கிறது. வாய் அசைகிறது, பாட்டு இல்லை.

அன்பர்களே! நமது காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைத் தேடிப் பல்லாண்டு உழைத்தார். அதன் பயனாய் 1947 இல் யாழ்நூல் அரங்கேறிற்று. பழந்தமிழர் யாழொலியைப் பதிந்து வைக்கும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை. ஆகவே, ஏட்டிலிருந்து ஒலியைத் தேடவேண்டியதாயிற்று. நமக்கோ அத்தகைய சாட்டு இல்லை. கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

எனவே முதல் விதி யாதெனில், கமராவுக்கு முன் காதைக் கவனியுங்கள் என்பதே. கையில் உள்ள பணத்தில் முதலில் வாங்கவேண்டியது புதிய கமரா அன்று. சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கியும், அதன்மேல் மாட்டும் காற்றுத் தடுப்புப் பஞ்சுமே. ஒலிவாங்கி பேசுபவரின் வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தூரம் இரு மடங்கானால் ஒலியின் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது பௌதிகம். ஆறு முழத்துக்கு அப்பால் நின்ற என் கைத்தொலைபேசி எதைக் கேட்டிருக்கும்? பதிவை ஆரம்பிக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, காதிற் கருவியை மாட்டிக் கேளுங்கள். மின்விசிறி, இயந்திரம், வானொலி முதலியன அப்போதுதான் புலப்படும். ஒலியை வேறொரு கருவியிற் பதிவதானால், தொடங்கும்போது கமராவின் முன் ஒரு முறை கை தட்டுங்கள். அந்தத் தட்டலை வைத்துப் பின்னர் ஒலியையும் படத்தையும் பொருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, வெளிச்சம். சத்யஜித் ராயின் “பதேர் பாஞ்சாலி” 1955 இல் வெளிவந்தது. அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, வேலையைத் தொடங்கியபோது 21 வயது இளைஞர். அதற்கு முன் சினிமாக் கமராவை இயக்கியறியாதவர். அடுத்த படமான “அபராஜிதோ”வில், படப்பிடிப்பு நிலையத்துள் அமைத்த காசி நகர வீட்டு முற்றத்திற்கு, வெள்ளைத் துணியில் விளக்கொளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து, வானத்து வெளிச்சம்போல் மெல்லொளி உண்டாக்கினார். நம் வீட்டில் வெள்ளை வேட்டி இல்லையா? பேசுபவரை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்தி, மறுபக்கத்தில் வேட்டியை விரித்துப் பிடித்தாற் போதும். முகத்தின் இருண்ட பகுதி தெளிந்துவிடும். யன்னலை அவர் முதுகுக்குப் பின்னால் விட்டால் முகம் கரியாகும்.

ரியூப் லைற் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று வீதம் வருவது. ஆகவே சில விளக்குகள் செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றன. கமராவைச் செக்கனுக்கு 25 படம் என்றும், மூடியின் வேகத்தை 50 இல் ஒரு பங்கு என்றும் அமைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவதாகவே கமரா. இப்போதுள்ள நடுத்தரக் கைத்தொலைபேசியே ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் கை நடுங்கும், முக்காலி நடுங்காது. ஒவ்வொரு காட்சியையும் பத்துச் செக்கனாவது அசையாமல் எடுங்கள். முதலில் இடம் முழுவதும், பின் ஆள், அதன்பின் கை, முகம், மத்தளம் என்று நெருங்குங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கமராவைத் தானாக இயங்க விட்டால், தணல் வரும்போது படம் இருளும். கூட்டம் வரும்போது வெளுக்கும். புகையிற் குவியம் தடுமாறும். ஆகையால், வெளிச்சத்தையும் குவியத்தையும் முன்கூட்டியே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே இடத்தைப் பார்த்து, எங்கே நிற்பது என்று ஆலயத்தாரிடம் கேட்டு வையுங்கள். கடலோரத்தில் எடுத்தபின் உப்புக் காற்றுப் பட்ட கருவியை ஈரம் சிறிதே தோய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் பெட்டியில் மூடி வையுங்கள். இல்லையேல் வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும்.

நான்காவது, கணக்கு. செக்கனுக்கு 50 மெகாபிற் வீதம் பதிந்தால், நிமிடத்துக்கு 375 மெகாபைற், மணித்தியாலத்துக்கு 22.5 கிகாபைற். ஆகவே 64 கிகாபைற் மெமரி காட் ஒன்று மூன்று மணித்தியாலத்துக்கும் போதாது. இரவு முழுவதும் நடக்கும் கூத்துக்கு எத்தனை காட், எத்தனை பற்றரி வேண்டும் என்று வீட்டிலேயே கணக்கிடுங்கள். களத்தில் நின்று கணக்கிடுபவன் பழைய படத்தை அழிக்கத் தொடங்குவான். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை நாம் மறக்கவில்லை. முதல் நாளே மின்னேற்றி வைப்பது நன்று.

ஐந்தாவது, இரவு வேலை. எவ்வளவு களைப்பாயினும் அன்றிரவே பிரதி எடுக்கவேண்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான கருவியில், அவற்றுள் ஒன்று வேறொரு ஊரில். இதுவே ஆவணக் காப்பாளர் கைக்கொள்ளும் முறை. வேறு ஊர் எதற்கு என்று கேட்கவேண்டாம். 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தபோது நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்டோரை இழந்தோம். நான் அப்போது கைக்குழந்தை. எங்கள் வீட்டில் அதற்கு முந்திய ஒரு புகைப்படமும் இல்லை. என் அம்மாவின் தந்தை எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

கோவைக்கு ஆண்டு, மாதம், தேதி, ஊர், ஆள் என்ற ஒழுங்கிற் பெயரிடுங்கள். பிரதியைத் திறந்து பார்த்துச் சரிபிழை கண்டபின்னரே காட்டை அழியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கொள்ளாதீர். அது வழக்கமாகப் படத்தை நசுக்கியே அனுப்பும். தொகுப்பதற்கு டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்போ ஷொட்கட்டோ போதும். முதலில் பேச்சை ஒழுங்காக்கி, அதன்மேற் படத்தை அடுக்குங்கள். முடித்த படத்தை யூரியூப்பில் இடுவது ஒன்று. பேணி வைப்பது வேறொன்று. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டத்தின் வழிவந்த நூலக நிறுவனம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேமிக்கிறது. நல்ல பதிவுகளை அங்கும் சேர்ப்பிக்கலாம்.

கடைசியாக, பண்பு. எல்லாவற்றையும் எடுக்க நமக்கு உரிமை இல்லை. மூலஸ்தானத்தை எடுக்கவேண்டாம் என்றால் எடுக்கக்கூடாது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்றத்தை எடுக்கப் போனால், பள்ளி நிர்வாகத்தாரிடம் உத்தரவு கேட்டே எடுங்கள். முஸ்லிம் நண்பர் வீட்டுத் திருமணத்தில் பெண்கள் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். நம் விழாவை அவர்களும், அவர்கள் விழாவை நாமும் மரியாதையோடு பதிந்து கொடுத்தால், இக்கரையோரத்தில் ஒருவரையொருவர் அறிய அதைவிட நல்ல வழி வேறில்லை.

பெரியோர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். அலுமாரியிற் கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களை எறிந்துவிடாதீர்கள். பூஞ்சணம் தின்னுமுன் எங்களிடம் தாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம்.

இளைஞர்களே! அந்த அண்ணாவியாரிடம் பழகிய மாணாக்கர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை, காற்று எழுமுன், காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறோம். இம்முறை ஒலிவாங்கி முதலில் போகும்; கமரா அதன் பின்னால் வரும். ஒரு வெள்ளை வேட்டியும், பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். யார் வருகிறீர்கள்?