ரெண்டு கிலோ எடை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



காசநோய் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு அபராதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி வாரக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாலு வாரம் பார்த்தோம். தீர்மான நோட்டில் 'தகவல் இல்லாமல் வரவில்லை' என்று எழுதி, விதிப்படி ஒவ்வொரு வாரமும் அபராதம் போட்டோம். எழுதினது நான்தான், அப்போ நான் ஊக்குநர். அஞ்சாவது வாரம் அந்தப் பணத்தைக் கேட்கத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வீட்டுக்காரருக்குக் காசநோய் வந்து மாத்திரை சாப்பிடுகிறார், இப்போ தனக்கும் வந்துவிட்டது என்றாள். "வெளியே சொல்லிடாதீங்கக்கா. எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டாங்க" என்றாள். இந்த நோய் தட்டில் பரவுவதில்லை, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. அதைச் சொல்லக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

நீ என்னம்மா சாப்பிட்டே என்று கேட்டேன். "அவருக்கு முட்டை, பால் எல்லாம் தவறாம குடுத்தேன்கா. நான் மிச்சம் இருக்கிறதைத் தின்னுக்குவேன்" என்றாள்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நாலு மாவட்டங்களில் நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்தினார்கள். நம்ம சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2019-இல் தொடங்கி 2022 வரை பார்த்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகளில் அஞ்சில் நாலு பேர் இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவு.

நோயாளிகள் எல்லோருக்கும் மாத்திரையோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஆனால் பாதி இடங்களில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவங்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. ஆறு மாதம் இப்படி. ரொம்ப மெலிந்தவர்களுக்கு ஒரு வருஷம். விலையுயர்ந்த ஊசி மருந்து எதுவும் இல்லை, நம்ம ரேஷன் பையில் போட்டு எடுத்து வரக்கூடிய பொருள்தான்.

அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி காட்டுகிற நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம், ஏறக்குறைய பாதி. 2023-இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் இது வெளிவந்தது.

என் தங்கச்சிக்குச் சாப்பாடு குறைந்ததால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கிருமி நிறையப் பேர் உடம்பில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு தளர்ந்தால் எழுந்துகொள்கிறது. ஆனால் நோயாளியின் தட்டை மட்டும் பார்த்துவிட்டு, கரண்டி பிடிக்கிறவளின் தட்டைப் பார்க்காமல் விட்டோமே, அது நம்ம தப்பு.

மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பாடு போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கின ஆராய்ச்சி ஒன்று உண்டு. பாதிப் பேரைச் சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு போட்டார்கள். பாதிப் பேர் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டு மாத்திரை எடுத்தார்கள். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். மாசக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து படுத்துக் கிடக்காமல், நாம் வீட்டிலிருந்தே வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி விட்டது அந்த ஆராய்ச்சிதான். அதற்காகக் கும்பிடலாம். ஆனால் மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை என்கிற எண்ணமும் அதன் கூடவே வந்துவிட்டது என்பது என் கருத்து.

ஜார்க்கண்டில் இன்னொன்றும் பார்த்தார்கள். முதல் ரெண்டு மாதத்தில் எடை அஞ்சு சதவீதம் கூடின நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. 40 கிலோ இருக்கிறவருக்கு அஞ்சு சதவீதம் என்றால் ரெண்டே கிலோ. அதனால் யார் வீட்டிலாவது ஒருவர் காசநோய் மாத்திரை சாப்பிட்டால், மாத்திரை போட்டீங்களா என்பதோடு எடை எவ்வளவு என்றும் கேளுங்கள். ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். நம்ம மாநிலத்தில் 2022 ஏப்ரலில் தொடங்கின 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தில், நோய் தெரிந்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு, ஆக்ஸிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பார்த்தார்களா என்று கேட்டு வாங்குவது நம்ம உரிமை.

சத்துணவுக்காக நோயாளி கணக்கில் மத்திய அரசு போடும் பணம் முன்பு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. வங்கிக் கணக்கு, ஆதார் சிக்கலில் அது நின்றுபோனால் முடித்துக் கொடுக்க நம்ம கணக்காளரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் அது நோயாளிக்கான பணம். கூட இருக்கிற நாலு வயிற்றுக்கு வழி வேண்டும். நலிவு நிலை குறைப்பு நிதியிலிருந்து அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் கொடுக்க இன்றைக்குத் தீர்மானம் வேண்டும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். பேரை நோட்டில் எழுத வேண்டாம், வீட்டு எண் போதும்.

அந்தத் தங்கச்சி ஆறு மாத மாத்திரையும் முடித்துவிட்டாள். அபராதத்தை ரத்து செய்து நானே கையெழுத்துப் போட்டேன். அவள் விரும்பினபடி பேர் சொல்லவில்லை.

பந்தல் வாசலில் எடை மிஷின் வைத்திருக்கிறோம். ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவங்க, காரணமில்லாமல் மெலிந்தவங்க, வீட்டில் நோயாளி இருக்கிறவங்க, டீ குடிக்கப் போகும் முன் ஏறிப் பார்த்துவிட்டுப் போங்க. நம்பரைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம்.