வளையமும் உயரமும்



அமெரிக்காவிலே பல்கலைக்கழகத்திற் கூடைப்பந்தாடும் இளைஞன் ஒருவனின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு பழகிய பாதையிலே செல்வது. விளையாட்டின் பொருட்டே அவனுக்குப் புலமைப்பரிசில் கிடைக்கும். நான்கு ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆடுவான். அதன் முடிவில், நாட்டின் தலையாய தொழின்முறைச் சங்கம் ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கும் ஏறக்குறைய 60 பேரில் ஒருவனாக அவன் இராவிடின், ஸ்பெயினுக்கோ துருக்கிக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ கப்பலேறாத குறையாகப் புறப்பட்டு, மொழி தெரியாத ஊரிலே சம்பளத்துக்குப் பந்தாடுவான். அவ்வாறு சென்றோர் பலர். அதனை அந்நாட்டார் தோல்வியென்று கருதுவதில்லை; அதுவும் ஒரு தொழில்.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் பந்தொன்றை நம்பிக் கடல் கடந்த ஒருவர் உண்டு. ஆனால் அவருக்கு முன்னே அத்தகைய பாதை எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. வலிகாமத்துப் புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினைக் கிராமத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் என்னும் வலைப்பந்தாட்ட வீராங்கனையையே குறிப்பிடுகின்றேன்.

கூடைப்பந்தும் வலைப்பந்தும் உடன்பிறந்த ஆட்டங்கள். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் மண்டபத்துள் அடைபட்டுக் கிடந்த மாணவருக்காகப் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து முன்னதைத் தொடக்கிவைத்தார். அது சில ஆண்டுகளுள் இங்கிலாந்து சென்று, பெண்களின் கையில் வேறோர் ஆட்டமாயிற்று. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970ஆம் ஆண்டுவரை அதனைப் பெண்கள் கூடைப்பந்து என்றே வழங்கினர். இந்த ஆட்டத்துக்கு உலகப் பொது விதிகளை வகுக்கவென்று பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960இல் ஒன்றுகூடிய இடம் எதுவென்று நினைக்கிறீர்கள்? நமது இலங்கையே. பாடசாலைப் பிள்ளைகளிடம் இதனைக் கேட்டால் எவருக்குந் தெரிவதில்லை.

தர்ஜினியின் உயரம் 208 சென்ரிமீற்றர். அடிக் கணக்கில் 6 அடி 10 அங்குலம். இவ்வாட்டத்தின் விதிகளைச் சற்று விளங்கிக்கொண்டால்தான் அவ்வுயரத்தின் பெறுமதி விளங்கும். வலைப்பந்திலே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இயலாது; கையிற் கிடைத்தவர் மூன்று விநாடிக்குள் எறிந்துவிடல் வேண்டும். அணியின் எழுவருள் இருவர்க்கே வளையத்தை நோக்கி எய்யும் உரிமை. தடுப்பவர் மூன்றடி தள்ளியே நிற்க வேண்டும். வளையமோ தரையிலிருந்து பத்தடி உயரத்தில் உள்ளது. பின்னே பட்டுத் திரும்பப் பலகை கிடையாது. ஆகவே, தடுப்பவரின் விரல் எட்டாத உயரத்திற் பந்தைப் பற்றவும், பற்றிய பின் கலங்காத கையோடு எய்யவும் வல்லவர் ஒருவர் வளையத்தடியில் நின்றால், அவ்வணி பாதி ஆட்டத்தை வென்றதற்கு ஒப்பாகும்.

உயரம் மாத்திரம் போதுமென்று எண்ணிவிடலாகாது. பலகையில்லாத வளையத்தினுள்ளே பந்தை இறக்குவது மணிக்கட்டின் வேலை. நான் இளமையில் இவ்வாட்டத்தை ஆடியவள். பத்து எய்தால் நான்கு விழும். அதனாலேயே, உயரமானவர்க்கு இது எளிதென்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்ற தர்ஜினி, பின்னர் கொழும்பிலே வங்கியொன்றின் அணிக்காக ஆடித் தேசிய அணிக்குட் புகுந்தார். 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தடியில் நின்றவர் அவரே. 2011இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிற் சிறந்த எய்பவர் எனப் பெயர் பெற்றார். மெல்பேண் நகரின் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் அணி அவரை அழைத்து விக்ரோரியா மாநிலப் போட்டிகளில் ஆடவைத்தது. உலகிலேயே வலைப்பந்தாட்டம் ஆழ வேரூன்றிய நாடுகளுள் அவுஸ்திரேலியா ஒன்று. அங்கே சிறுமியர் வார இறுதி தவறாமல் ஆடுகிறார்கள். அத்தகைய நாட்டிலே கழகமொன்றிற்கு நம்மூர்ப் பெண்ணொருத்தி தேவைப்பட்டாள் என்பதை நேயர்கள் கருத வேண்டும்.

2018 செப்ரெம்பரில் சிங்கப்பூரிலே நடைபெற்ற ஆசிய இறுதியாட்டத்தில் இலங்கை 69க்கு 50 என்ற கணக்கில் அந்நாட்டு அணியை வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய வெற்றி அது. 2022 செப்ரெம்பர் 11ஆந் திகதி மறுபடியும் சிங்கப்பூரில், 63க்கு 53. அதே நாளிலேதான் டுபாயில் நம் நாட்டின் கிரிக்கெற் அணியும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்று சலித்த ஆண்டில் நாடு அன்று இருமுறை மகிழ்ந்தது. எனினும் எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தப்பட்டது கிரிக்கெற்றுக்கே.

இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது 2019இன் உலகக் கிண்ணமாகும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த அப்போட்டியில் அதிக கோல்களைப் பெற்றவர் தர்ஜினி, 348 கோல்கள். பதினாறு அணிகளுள் இலங்கை பெற்ற இடமோ பதினைந்தாவது. உலகின் முதல் எய்பவர் ஓரணியில் இருக்க, அவ்வணி கடைசிக்கு முன்னதாக நின்றது எவ்வாறு? நடுக்களத்தில் பந்தை மறித்தெடுக்கவும், எதிரணியின் எய்பவரைத் தடுக்கவும் போதிய பயிற்சியுடையோர் வேண்டுமன்றோ. அதற்குப் பாடசாலைகளில் ஆடுகளமும் பயிற்சியாளரும் வேண்டும். ஒருவரின் உயரத்தைக்கொண்டு ஏழுபேரின் குறையை மறைக்க இயலாது போயிற்று.

பள்ளிப் பருவத்தில் தம் உயரத்தைப் பிறர் கேலி செய்ததைத் தர்ஜினி வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அதனைப் படித்த நாளில் நான் என் மேசை இழுப்பறையிலிருந்து பழைய படமொன்றை எடுத்துப் பார்த்தேன்.

அது 2003ஆம் ஆண்டின் வகுப்புப் படம். இடம்பெயர்ந்த சாவகச்சேரி மக்கள் திரும்பி வந்து, கூரையிழந்த கட்டடங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த காலம். அப்போது நான் கற்பித்த பாடசாலையில் ஒரேயொரு வலைப்பந்துக் கம்பமே எஞ்சியிருந்தது. அதன் வளையமும் வளைந்துபோயிருந்தது. பத்தாம் வகுப்பிலே மற்றவரைவிட ஒரு முழம் உயர்ந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். கூடத்தில் வரிசையின் கடைசியில் நிற்பாள். தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். படம் பிடிக்கும்போது அவளுடைய தலை படத்தின் விளிம்பைத் தாண்டுகிறது என்று படம் பிடிப்பவர் முறையிட்டார். “பிள்ளை, முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு நில்” என்றேன் நான். “ஓம் ரீச்சர்” என்று உடனே மடித்தாள். அச்சொல்லுக்குக் காத்திருந்தவள்போல அவள் மடித்ததுதான் இன்றும் என் மனத்தில் உறுத்துகின்றது. படத்தில் அவள் எல்லோருக்கும் சமமாக, முகம் சற்றுக் கோணித் தெரிகிறாள்.

அவளை நான் ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லை. விரைந்தோடும் சிறிய பிள்ளைகளையே தேடினேன். ஓட்டத்துக்கு வேண்டியவரை அறிந்திருந்தேன். வளையத்தடியில் நிற்க வேண்டியவரை அறிந்திலேன். பந்தை எய்ய அவள் வல்லவளாயிருந்திருப்பாளோ அல்லளோ, எவருஞ் சொல்ல இயலாது. எவரும் அவள் கையிற் பந்தைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலைக்குப் படம் பிடிக்க வந்த இளைஞர், ஒன்பதாம் வகுப்பு வரிசையின் நடுவிலே நின்ற உயரமான பிள்ளையொருத்தியை நோக்கிச் சற்றுக் குனியும்படி கைகாட்டினார். கமராவைத் தூக்கிக்கொண்டு நான்கடி பின்னே போகும்படி நான் அவரைக் கேட்டுக்கொண்டேன்.