கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது யார்?



"யாருக்கு ஓட்டுப் போட்டு என்ன சார் ஆகப்போகுது? எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்." டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். இப்படிச் சொல்கிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்சி மாறியும் காண்ட்ராக்ட் எடுப்பவர் மாறாததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சலிப்புக்கு நியாயம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய நியாயம் என்பதைத் தேர்தல் பத்திரங்களின் கதை காட்டிவிட்டது.

2017ஆம் ஆண்டு பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான இந்தப் பத்திரத் திட்டத்தை அறிவித்தார். கட்சிகளுக்குக் கறுப்புப் பணம் போவதைத் தடுப்போம், எல்லாம் வங்கி வழியாக வெள்ளையாக வரும் என்றார்கள். 2018 ஜனவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பத்திரம் எப்படி இருந்தது என்று பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும்தான் கிடைக்கும். முதல் சுற்று விற்பனை நடந்த நான்கு கிளைகளில் சென்னைக் கிளையும் ஒன்று. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகள். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. பெறுகிற கட்சியின் பெயரும் இருக்காது. பதினைந்து நாளுக்குள் கட்சி அதை வங்கியில் போட்டுப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண மனிதரும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம் என்றார்கள். ஆனால் விற்ற தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தது. ஒரு கோடி ரூபாயை ஒரு தாளில் கொடுப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்காகச் சட்டங்களையும் வளைத்தார்கள். அதுவரை ஒரு கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்க முடியும். எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டவும் வேண்டும். இரண்டு கட்டுப்பாடுகளும் நீக்கப்பட்டன. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளைக் கொடுக்கலாம் என்றானது. ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இது பின்னோக்கிய நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் மத்திய சட்ட அமைச்சகத்துக்கே எழுதியது. இத்தனை மாற்றங்களும் நிதி மசோதாவுக்குள் வைக்கப்பட்டதால், மாநிலங்களவையால் அவற்றைத் தடுக்க முடியவில்லை.

ரகசியம் என்றார்களே, யாரிடமிருந்து ரகசியம்? ஒவ்வொரு பத்திரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் அச்சாகியிருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால்தான் தெரியும். 2018இல் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்களை வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்பி இதை வெளிக்கொண்டு வந்தார். ஆக, கொடுத்த கம்பெனிக்குத் தெரியும். வாங்கிய கட்சிக்குத் தெரியும். அரசுக்குச் சொந்தமான வங்கியில் பதிவும் இருந்தது. தெரியாமல் வைக்கப்பட்டவர் ஓட்டுப் போடுகிறவர் ஒருவர்தான். 2019 மக்களவைத் தேர்தலிலும், 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலிலும் இந்த விவரம் எதுவும் கையில் இல்லாமல்தான் நாம் விரலில் மை வைத்துக்கொண்டோம்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்றது தீர்ப்பு. விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் வங்கி கேட்டது. மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு வரும் தேதி அது. நீதிமன்றம் மறுத்து, மறுநாளே கொடுக்கச் சொன்னது. முதலில் வந்தவை, வாங்கியவர்கள் பட்டியல் தனி, பெற்ற கட்சிகள் பட்டியல் தனி. பத்திர எண்களையும் கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகுதான் மார்ச் 21 அன்று யார் பணம் யாருக்குப் போனது என்று தெரிந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கைப் பார்ப்போம். பாரதிய ஜனதா கட்சிக்குச் சுமார் 6,060 கோடி ரூபாய். திரிணமூல் காங்கிரசுக்கு 1,600 கோடிக்கு மேல். காங்கிரசுக்கு 1,400 கோடிக்கு மேல். தி.மு.க.வுக்கு 600 கோடிக்கு மேல். மத்தியில் ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பெரும்பங்கு, மாநிலங்களில் ஆட்சியில் இருந்தவர்களுக்கு அடுத்த பங்கு. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரம் பெற மறுத்து, வழக்கும் தொடுத்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

எல்லோரையும்விட அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. அமலாக்கத் துறை விசாரணை ஒரு பக்கம் நடக்க, அந்த நிறுவனத்தின் பணம் திரிணமூலுக்கும் தி.மு.க.வுக்கும் தலா 500 கோடிக்கு மேல் போனது. பா.ஜ.க.வுக்கும் 100 கோடி போனது. மேடையில் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்க்கும் கட்சிகளின் கணக்கில் ஒரே கம்பெனியின் பணம்.

பணம் கொடுத்ததால்தான் சலுகை கிடைத்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. சிறப்பு விசாரணைக் குழு வேண்டும் என்ற கோரிக்கையும் 2024 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. எனவே யாரையும் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில் சிக்கிய கம்பெனிகளும், அரசு காண்ட்ராக்டை நம்பியிருந்த கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் ஏன் வரிசையாக நிற்கின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கட்சிகள் பணத்துக்காக எப்படி ஒன்றுசேரும் என்பதற்கு இன்னொரு சான்று. வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் பா.ஜ.க.வும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு என்ன நடந்தது? 2016இலும் 2018இலும் சட்டமே முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. 1976 வரை பின்னோக்கிப் போனது அந்தத் திருத்தம். இரண்டு கட்சிகளும் தப்பின. 2018இல் மக்களவை விவாதமே இல்லாமல் அதை நிறைவேற்றியது.

கம்பெனிப் பணம் அரசியலுக்குள் வருவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று 1957லேயே, டாடா நிறுவனத்தின் வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா எச்சரித்தார். நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். 1969இல் கம்பெனி நன்கொடை தடை செய்யப்பட்டது. 1985இல் மீண்டும் கதவு திறந்தது. இன்றுவரை மூடவில்லை.

பத்திரம் போனாலும் பாதை அடைபடவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் பணம் இன்றும் போகிறது. பல கம்பெனிகளின் பணம் அங்கே ஒன்றாகக் கலப்பதால், எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பது தெளிவாவதில்லை. வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று 2013இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கட்சிகள் அதை நிறைவேற்றவே இல்லை.

நேயர்களே, நம் பங்கையும் பேச வேண்டும். பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர். ராத்திரியில் கவர் கொடுக்கிறவர், அந்தப் பணத்தைப் பகலில் எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார். கொடுத்தவருக்கு அவர் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் ஊர் ஆற்று மணலாகவோ, ரோடு காண்ட்ராக்டாகவோ, நம் மின் கட்டணமாகவோ அது நம்மிடமே வசூலாகும்.

சலித்துப்போய் ஓட்டுச்சாவடிக்குப் போகாமல் இருந்தால், பணம் கொடுத்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபமாகும். எனவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் கட்சிக்கு அதிகம் பணம் கொடுத்த பத்துப் பேர் யார்? கட்சிச் செலவுக்கு வரம்பு கொண்டுவர நீங்கள் சம்மதிப்பீர்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கட்சி வருமா? கிராம சபையில் கேளுங்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், கல்லூரிப் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று சொல்லும் தெம்பு நமக்கு வந்தால், கட்சிகள் கணக்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.