தொழில்நுட்ப ஆசிரியராக விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அறிவுரை கூறுவதைவிட, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்வதே பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

நம் பண்டார் தெங்காராவில் ஒரு மாணவன் இருந்தான். செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் மகன். பழுதான மின்விசிறியைக் கொடுத்தால் மறுநாளே சுழல வைத்துவிடுவான். 2009ஆம் ஆண்டில் ஒருநாள், "சார், நானும் உங்களைப்போல் வாழ்வியல் திறன் ஆசிரியராக வேண்டும்" என்றான். "ஐந்தாம் படிவத்தில் நல்லபடியாகத் தேறினால் போதும், தம்பி" என்றேன். 1978இல் நான் அப்படித்தான் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுப் பயிற்சி, ஒரு சான்றிதழ், உடனே வேலை.

ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. 1996இல் அந்தச் சான்றிதழ் டிப்ளோமா ஆயிற்று. 2007 முதல் பயிற்சிக் கழகங்கள் பட்டப்படிப்பே நடத்தின. என் பழைய கணக்கை நம்பிய பிள்ளை, தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காமல் நின்றான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

பிறகு போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்விப் பட்டம் பெற்று, இன்று ஆசிரியராக இருக்கிறான். அதற்குள் அவன் தாயாரின் சங்கிலி இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது.

ஆகவே பெற்றோர்களே, வழிகளைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வாழ்வியல் திறன் இருந்த இடத்தில் இன்று 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் 2014இலும் இடைநிலைப்பள்ளியில் 2017இலும் அது வந்தது. அதைக் கற்பிக்கப் பட்டமும் வேண்டும். ஆசிரியர் பயிற்சித் தகுதியும் வேண்டும்.

முதல் வழி, ஆசிரியர் கல்விக் கழகம். எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து 'ஏ' வேண்டும். ஓர் ஆண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இரண்டாவது வழி, எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா முடித்துப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டம் பெறுவது. 1922இல் தஞ்சோங் மாலிமில் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்றது. மூன்றாவது வழி, வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு: பொறியியல் பட்டமோ முதுகலைப் பட்டமோ மட்டும் போதாது, பட்டத்திற்குப் பிந்திய கல்வியியல் டிப்ளோமாவும் முடிக்க வேண்டும். எவ்வழியில் வந்தாலும், அரசாங்கப் பள்ளியில் பணியமர்த்துவது நேர்முகத் தேர்வுக்குப் பின் கல்விச் சேவை ஆணையமே.

இன்னொன்று. மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, 2013 முதல் வரலாறும் அப்படித்தான். கைத்திறன் உள்ள பிள்ளைகள் பலர் இந்த இரண்டு பாடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நன்கொடையாளப் பெருமக்களே, நம் கல்வி நிதி இதுவரை இடம் கிடைத்த பிள்ளைகளுக்கே போய்ச் சேர்கிறது. இடம் கிடைப்பதற்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்க வேண்டுகிறேன். நான்காம் படிவத்திலேயே மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் ஆலய மண்டபத்தில் வகுப்பு நடத்துவோம். தேர்வு முடிவு வரும் வாரத்தில் கணினியோடு இருவர் அமர்ந்து விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தரட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குப் பயணச் செலவு கொடுப்போம். வரலாற்று வகுப்பை ஊதியமின்றி நானே எடுக்கிறேன். ஒரு பிள்ளைக்கு நான் பட்ட கடன் அது.

இன்னொரு தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகாதிருக்க, எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.