ஊர் கூடிக் கேட்ட பாட்டு



இன்று செல்போனைத் தொட்டால் பாட்டு வருகிறது. அன்று பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மைசூரில் எம்.வி. கோபாலசுவாமி என்ற பேராசிரியர் இருந்தார். மனோதத்துவம் கற்பித்தவர். 1935-ஆம் ஆண்டு தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அந்தக் கருவியின் சக்தி 30 வாட்தான். 60 வாட் குண்டு பல்பில் பாதி! நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. வானத்திலிருந்து வரும் குரல் என்று பொருள். பிறகு அகில இந்திய வானொலியும் இந்தப் பெயரை ஏற்றது.

அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டிலும் ரேடியோ இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் அதன் முன் ஆட்கள் கூடுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு கிடைத்தது. செய்தியும் கிடைத்தது.

வசதி உள்ளவர்கள் கிராமபோன் வைத்திருந்தார்கள். அதற்குச் சாவி முறுக்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் பாடும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

இன்று விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். இது நல்ல வசதி. ஆனால் ஒரே வீட்டில் நான்கு பேர் தனித்தனியே நான்கு பாட்டு கேட்கிறார்கள். சேர்ந்து கேட்பது குறைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பாட்டி பாடிய தாலாட்டு, வயலில் பாடிய நடவுப் பாட்டு எல்லாம் இசைத்தட்டில் வந்தனவா? பல வரவில்லை. செல்போனில் தேடினாலும் கிடைக்காது. அவை பெரியவர்களின் நெஞ்சில் மட்டும் இருக்கின்றன. அவர்களோடு அவை போய்விடக் கூடாது.

நண்பர்களே! இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். இன்று மாலை வீட்டுப் பெரியவரைப் பாடச் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பாட்டை நோட்டில் எழுதி வையுங்கள்.