கோப்பையில் ஒட்டியது



திருத்தணி மலையடியில் நின்று பாகிஸ்தானைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், ஒரு கோப்பைத் தண்ணீர்.

2009 ஜூன். ஷேக்குபுரா மாவட்டத்து வயலில் பழம் பறித்துக்கொண்டிருந்த கத்தோலிக்கக் கூலிப்பெண் ஆசியா பீபி, உடன் வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு வந்தார். கிறித்தவள் தொட்டதைக் குடிக்கமாட்டோம் என்றார்கள். வாய்ச்சண்டை முற்றியது. நபியை இழிவுபடுத்தியதாக வழக்கு. 2010இல் மரண தண்டனை.

தண்டித்தது மதச்சட்டம். தண்ணீரை மறுத்தது எது? வேதம் அருளப்பட்டோரின் உணவைக் குர்ஆன் அனுமதிக்கிறதே! பாகிஸ்தான் பஞ்சாபின் கிறித்தவர்களில் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் மதம் மாறிய சூஹ்ரா மக்களின் வழிவந்தவர்கள். மலம் அள்ளவும் தெருக்கூட்டவும் வைக்கப்பட்டிருந்த சாதி அது. துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அங்கே விளம்பரமே வந்திருக்கிறது. நம்மூர் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை வைத்து முஸ்லிம்களைப் பழிக்கக் கிளம்புவோர் கவனிக்க: ஆசியாவுக்காகப் பேசி 2011இல் கொல்லப்பட்டவர்கள் இருவர். ஆளுநர் சல்மான் தசீர் முஸ்லிம். அமைச்சர் ஷாபாஸ் பட்டி கத்தோலிக்கர். 2018இல் ஆசியாவை விடுவித்ததும் அந்நாட்டு உச்ச நீதிமன்றந்தான்.

இங்கே 1950ஆம் ஆண்டு ஆணை, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. பக்கத்து ஆந்திராவின் உயர் நீதிமன்றம், மதம் மாறிய போதகருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று 2025இல் தீர்ப்பளித்தது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்றால், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் கத்தோலிக்கப் பிணங்களைச் சாதி பார்த்துப் பிரிக்கச் சுவர் எழுப்பியது யார்?