தாய்மார்களின் நடுப்பருவமும் மூலிகை மருந்தும்



மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அத்தயக்கத்தின் விலையை நம் தாய்மார்களே கொடுத்து வருகின்றனர். ஆகவே பேசுகின்றோம்.

பெரும்பாலும் 45 முதல் 55 வயதிற்குள் சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறைகிறது. அதனால் திடீரென உடலில் வெப்பம் பரவுதல், இரவில் வியர்த்தல், உறக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. இது நோயன்று, பேய்க்கோளாறும் அன்று, இயற்கையே. ஆயினும் வெயிலில் நின்று நாற்று நடும் பெண்ணுக்கு இவ்வெப்பம் இரட்டைச் சுமையாகும்.

மூலிகை நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவராக விளங்கியவர். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியரும் நம்மிடையே வாழ்ந்தனர். உடற்சூடு தணியத் தண்ணீர்விட்டான் கிழங்கை வழங்குவது நம் நாட்டு மருத்துவ மரபு. சோயா மொச்சையில் ஈஸ்ட்ரோஜனைச் சிறிதளவு ஒத்த பொருள் உண்டு; அது சிலருக்கு வெப்பத்தை ஓரளவு தணிக்கலாம்.

எனினும் மூலிகை என்பதனாலேயே தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. வட அமெரிக்கப் பழங்குடியினர் கையாண்ட பிளாக் கோஹோஷ் என்னும் வேர், இன்று மாத்திரையாக விற்கப்படுகிறது. 2012-இல் 16 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், அதன் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்றனர். அதை உண்டோர் சிலருக்கு ஈரல் பழுதுற்றதும் பதிவாகியுள்ளது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய மருந்துகளை உண்ணலாகாது.

நாம் வலியுறுத்துவது ஒன்றே. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும் அதற்குக் கஷாயம் மருந்தன்று. அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ‘இந்த வயதில் இப்படித்தான்’ என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இளைஞர்களே! நாம் பெற்ற கல்வி உத்தியோகத்திற்கு மட்டுமன்று. இன்றிரவே உங்கள் அன்னையாரின் நலம் கேளுங்கள். மகனிடம் சொல்லக் கூசினால் மகள் கேட்கட்டும். மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடுமே என்று அவர் தயங்குவார். அக்கூலியை நாம் ஈடுசெய்வோம், உடன் செல்வோம். நம்மைப் படிக்க வைத்தது அவர் கூலியே அன்றோ!

ஜெய்பீம்!